ராத்திரி எங்கே படுப்பாள்? – ‘தப்பட்’ படத்தை முன்வைத்து

என் அத்தைக்கு இந்தி தெரியாது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கவும் வராது. அதனால் ‘தப்பட்’ படத்தை நாங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான படம். நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடிக்க ஒரு பகல் போனது.

அத்தை நடுவில் அதிகம் பேசவில்லை. மூன்று இடங்களில் மட்டும் கேள்வி கேட்டார். இந்தப் படம் வெளிவந்தபோது வந்த விமர்சனங்களில் பலவற்றை நான் படித்திருக்கிறேன். அந்த மூன்று கேள்விகளை எதிலும் பார்த்த நினைவில்லை. அதனால்தான் 2020 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு படத்தைப் பற்றி இப்போது எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அம்ரிதா (டாப்ஸி பன்னு) டெல்லியில் வசதியான குடும்பத்து மருமகள். காலையில் எழுந்து தேநீர் போடுவது, மாமியாருக்குச் சர்க்கரை அளவு பார்ப்பது, அலுவலகம் கிளம்பும் கணவன் விக்ரம் பின்னாலேயே கார் வரை ஓடுவது என்று அவள் நாள் போகிறது. விக்ரமுக்கு லண்டன் வேலை கிடைத்ததைக் கொண்டாட வீட்டில் விருந்து நடக்கிறது. அந்த வேலையில் தனக்கு மேல் இன்னொருவனை வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி விருந்தின் நடுவே வருகிறது. அவன் மேலதிகாரியோடு சண்டை போடுகிறான். அம்ரிதா அவனை விலக்கி இழுக்கிறாள். எல்லோர் முன்னிலையிலும் அவள் கன்னத்தில் அறைகிறான்.

ஒரே ஓர் அறை. படம் முழுவதும் அதைப் பற்றித்தான். அம்ரிதா விவாகரத்து கேட்கிறாள்.

இயக்குநர் அனுபவ் சின்ஹா இதைக் கையாண்ட விதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். விக்ரமை அவர் குடிகாரனாகவோ கொடூரனாகவோ காட்டவில்லை. காட்டியிருந்தால் பார்க்கும் ஆண்கள் ‘நான் அப்படியில்லை’ என்று தப்பித்திருப்பார்கள். அறைந்த மறுநாளும் அவன் தன் வேலை போன துக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறான். சுற்றியிருப்பவர்களும் அவன் மனநிலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அடி வாங்கியவளிடம் ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. விருந்து முடிந்து அலங்கோலமாய்க் கிடக்கும் வீட்டையும் அவளேதான் ஒழுங்குபடுத்துகிறாள். அறை என்பது ஒரு நொடிக் கோபம் அல்ல, அதற்கு முன்பே பல வருடங்களாக ‘இவள் என்ன செய்துவிடப் போகிறாள்’ என்று அந்த வீடு எடுத்து வைத்திருந்த முடிவு அது என்பதைப் படம் மெதுவாகப் புரிய வைக்கிறது. அம்ரிதாவின் அப்பா நல்லவர், மகள் பக்கம் நிற்பவர். அவருக்காகவே தன் பாட்டை விட்டவர்தான் அம்ரிதாவின் அம்மா. அந்த விஷயம் வெளியே வரும் காட்சியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவ்வளவும் உண்மை. இனி அத்தையின் கேள்விகள்.

‘அது அவ அப்பன் சொந்த வீடா?’

அம்ரிதா கணவன் வீட்டை விட்டு வெளியேறி அப்பா வீட்டுக்கு வந்து சேரும் இடத்தில் அத்தை கேட்டது இது. ஆமாம் என்றேன். ‘அண்ணன் தம்பி ஒண்ணும் சொல்லலயா?’ தம்பி கொஞ்சம் சண்டை போடுகிறான், ஆனால் அப்பா இருக்கிறார் என்றேன். ‘அதான்’ என்றார்.

அந்த ‘அதான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதையை நான் சொல்லியாக வேண்டும்.

அத்தைக்கு 1986இல் கல்யாணம். மாமா அடிப்பார். எட்டு மாதக் கைக்குழந்தையோடு அத்தை ஒருநாள் பொழுது விடிவதற்குள் அப்பன் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். பங்காளிகள் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். தீர்த்து விட்டுவிடலாம் என்று ஒரே ஒரு பெரியவர் சொன்னாராம். அதற்கு என் தாத்தா கேட்ட கேள்வி இன்றும் எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படுகிறது: ‘நாம என்ன அறுத்துக் கட்டுற சாதியா?’

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். தாலியை அறுத்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள சாதிகளைத் தாழ்த்திச் சொல்லும் வசவு அது. ஒரு சாதி மேலா கீழா என்பதை அந்தச் சாதிப் பெண்ணால் கெட்ட கல்யாணத்தை விட்டு வெளியேற முடியுமா முடியாதா என்று வைத்து அளந்திருக்கிறார்கள். வெளியேற முடியாவிட்டால் மேல்சாதி. வெளியேற முடிந்தால் கீழ்சாதி!

அத்தை திருப்பி அனுப்பப்பட்டார். அதன் பிறகு 19 வருடம் அந்த வீட்டில் இருந்தார், மாமா சாகும் வரை.

பல ஆண்டுகள் கழித்து அப்பாயி ஒருநாள் என்னிடம் ஒன்றைச் சொன்னார். அப்பாயியைப் பெற்ற தாய், முதல் கட்டியவன் சரியில்லை என்று தீர்த்துக்கொண்டு வந்து இரண்டாவதாகக் கட்டியவர்தானாம். ஊரில் யாரும் அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ‘அப்ப அது வழக்கம் சாமி. காசு வந்த பெறகு வழக்கத்த மாத்திக்கிட்டாங்க’ என்றார். இரண்டே தலைமுறையில் எங்கள் குடும்பம் கொஞ்சம் நிலம் வாங்கியது, மாடி கட்டியது, கோயிலில் முதல் மரியாதைக்குப் போட்டியிட்டது. அந்த உயர்வுக்கு ஈடாக வீட்டுப் பெண்களின் கதவை அடைத்தது. வேப்பமரத்தடியில் தாத்தா அந்தக் கேள்வியைக் கேட்டபோது அப்பாயி அடுப்படியில்தான் இருந்திருக்கிறார். தன் தாயின் கதையை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

இது எங்கள் குடும்பத்துக் கதை மட்டும் அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் சாதியின் அடிப்படை அகமணமுறை என்றார். சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அதைக் காக்கப் பெண் மீது ஏவப்பட்டவை என்றார். மேலே இருப்பவர்களின் இந்த வழக்கங்களைக் கீழே இருப்பவர்கள் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டதையும் அதே கட்டுரையில் விளக்கினார். வேப்பமரத்தடிப் பஞ்சாயத்தை நேரில் பார்த்தவர் எழுதியது போல இருக்கும்.

பின்னர் சட்ட அமைச்சராக அவர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தபோது, விவாகரத்து இந்துப் பண்பாட்டுக்கு விரோதம் என்று கூச்சல் எழுந்தது. அம்பேத்கர் சபையில் திருப்பிக் கேட்டார்: இந்துக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடாக இருக்கும் சூத்திரச் சாதிகளிடம் விவாகரத்து வழக்கம் இருந்துகொண்டுதான் இருக்கிறது, மீதி 10 விழுக்காட்டினரின் வழக்கத்தை எல்லோர் மீதும் சுமத்தப் போகிறீர்களா? மசோதா இழுத்தடிக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். விவாகரத்து உரிமை 1955இன் இந்து திருமணச் சட்டத்தில்தான் வந்தது.

ஆகவே ‘நம்ம பண்பாட்டில் இல்லை’ என்று யாராவது சொன்னால் யாருடைய பண்பாட்டில் என்று கேளுங்கள். நம் பாட்டிகளிடம் இருந்ததைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்தப் பண்பாட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

‘தப்பட்’ இந்த இடத்தைத் தொடவில்லை. சின்ஹா இதற்கு முந்தைய ஆண்டுதான் ‘ஆர்ட்டிக்கிள் 15’ எடுத்தவர். அதில் சாதி உண்டு, அதை ஒரு பார்ப்பன அதிகாரியின் கண் வழியாகப் பார்த்தார் என்ற விமர்சனமும் உண்டு. அடுத்த படத்தில் குடும்பத்துக்குள் நுழைந்தவுடன் சாதி காணாமல் போய்விட்டது. சாதி தெருவிலும் கிணற்றிலும் பிணத்திலும் இருக்கிறது, கல்யாணத்தில் இல்லை என்று நினைத்துவிட்டாரா? சாதி உற்பத்தியாகும் இடமே கல்யாணம்தான்.

‘வேண்டாம்னு சொல்றாளா? ஏன்?’

வழக்கு நடக்கிறது. அம்ரிதா தனக்கு ஜீவனாம்சமோ பங்கோ வேண்டாம் என்கிறாள். அவளுக்கு வேண்டியது விடுதலை மட்டும். அரங்குகளில் கைதட்டல் வாங்கியிருக்கும் இடம். அத்தைக்குப் புரியவில்லை.

எனக்கும் இதில் கடுமையான வருத்தம் உண்டு. விவாகரத்து கேட்கும் பெண் பணம் பறிக்க வந்தவள் என்பதுதான் இங்கே பொதுப்புத்தி. 498ஏ பிரிவு 1983இல் வந்த நாளிலிருந்து அதைப் பொய் வழக்குச் சட்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொதுப்புத்தியை எதிர்ப்பதற்குப் பதிலாக, ‘பாருங்கள், இவள் ஒரு காசு கேட்கவில்லை, ஆகவே இவள் நல்லவள்’ என்று படம் சமாதானம் பேசுகிறது. அம்ரிதா அந்த வீட்டில் உழைத்திருக்கிறாள். தன் நடனத்தையும் தொழில் வாய்ப்பையும் விட்டுவிட்டு அவன் வேலையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். உழைத்ததற்குப் பங்கு கேட்பது எப்படிச் சுயமரியாதைக்குக் குறைவாகும்?

சுயமரியாதை என்ற சொல்லுக்கு நம்மிடம் வேறொரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, கணவனோ மனைவியோ விரும்பினால் திருமணத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்றது. அதே மாநாடு பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள். சொத்தில்லாமல் விடுதலை இல்லை என்று பெரியாருக்குத் தெரியும்.

அந்தச் சொத்துத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. கலைஞர் ஆட்சியில் 1989இல் வந்த திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமாகிவிட்ட பெண்களுக்குப் பங்கு இல்லை. அத்தைக்குக் கல்யாணம் 1986 என்று சொன்னேன் இல்லையா? மூன்று வருடத்தில் அவர் பங்கு போயிற்று. மத்தியச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டு எல்லா மகள்களுக்கும் உரிமை வந்தபோது, என் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து பல வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பாகத்தில் வந்த நிலத்தை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். நான் பேசும் பெண் விடுதலை, படித்த அம்பேத்கர், பெரியார் எல்லாம் அத்தைக்குக் கிடைக்காத பங்கில் வாங்கியவை. அத்தைக்கு இது தெரியும். ஒருநாளும் சொன்னதில்லை. ‘ஏன் வேண்டாம்கிறா?’ என்று அவர் கேட்டபோது எனக்கு வாயில் பதில் வரவில்லை.

படத்தில் வரும் இன்னொரு சட்ட விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விக்ரம் தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம், மனைவி தன்னோடு வந்து சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரும் மனு. இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. இது ஏதோ வேத காலத்துச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களிலிருந்து இங்கே இறக்குமதியானது. இதை வைத்துத்தான் பம்பாயில் ருக்மாபாய் மீது அவர் கணவர் 1884இல் வழக்குப் போட்டார். பதினோரு வயதில் கட்டிவைக்கப்பட்டவர், விருப்பமில்லாத கணவனோடு வாழ மறுத்தார். கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்று 1887இல் நீதிமன்றம் சொன்னது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். திலகரின் ஏடுகள் அவருக்கு எதிராக நின்றன. கடைசியில் 1888இல் கணவருக்கு 2000 ரூபாய் கொடுத்துத்தான் விடுபட முடிந்தது. பிறகு லண்டன் போய் மருத்துவரானார். அவர் பிறந்தது தச்சர் சாதியில். விதவையான அவர் தாய் மறுமணம் செய்துகொண்டவர், அந்தச் சாதியில் அதற்கு வழக்கம் இருந்தது. பார்ப்பனியக் கட்டு இறுகாத ஒரு வீட்டில் வளர்ந்த பெண்ணை, பார்ப்பனத் தலைவர்களும் வெள்ளைக்காரன் சட்டமும் கைகோத்துக் கட்டிப் போடப் பார்த்தார்கள். இங்கிலாந்து இந்த வழக்கு முறையை 1970இல் ஒழித்துவிட்டது. 9ஆவது பிரிவை நாம் இன்னும் விடவில்லை.

‘சரி, அடிச்சுட்டா. ராத்திரி எங்க படுப்பா?’

மூன்றாவது கேள்வி சுனிதாவைப் பற்றியது. அம்ரிதாவின் வீட்டில் வேலை செய்யும் பெண். கீதிகா வித்யா ஓஹ்லியான் நடித்திருக்கிறார், படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அவருடையதுதான். சுனிதாவுக்கு ஒரே ஓர் அறை இல்லை. தினமும் அடி. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். போக இடம் இல்லை என்ற அவள் அச்சத்தையும் படம் தொட்டுக் காட்டுகிறது. கடைசியில் அவள் கணவனைத் திருப்பி அடிக்கிறாள், ஆடுகிறாள். படம் பார்ப்பவர்களுக்குச் சந்தோஷம்.

கவனித்துப் பாருங்கள். அம்ரிதாவுக்கு வழக்கறிஞர் கிடைக்கிறார். சட்டம், மனு, பேச்சுவார்த்தை, மரியாதையான பிரிவு எல்லாம் கிடைக்கின்றன. வழக்கறிஞர் நேத்ராவுக்குக்கூடத் தன் கல்யாணத்தை விட்டு வெளியேறும் காட்சி உண்டு. சுனிதாவுக்குக் கிடைப்பது அவள் கை மட்டும். முதலாளியம்மாளுக்கு நீதிமன்றம், வேலைக்காரிக்குக் கைகலப்பு. ஏழைகளின் வீட்டுச் சண்டையைச் சிரித்துக்கொண்டே பார்க்கும் பழக்கம் நம் சினிமாவுக்குப் பழையது. நல்ல நோக்கத்தோடு எடுத்த இந்தப் படத்தாலும் அதை விட முடியவில்லை. அம்ரிதா தன் உரிமைக்காக வழக்கறிஞர் வீட்டுக்குப் போன வழியில் ஒருமுறையாவது சுனிதாவையும் கூட்டிப் போயிருக்கக் கூடாதா?

சுனிதாவின் சாதியைப் படம் சொல்வதில்லை. நம் நகரங்களில் அடுத்தவர் வீட்டுப் பாத்திரமும் கழிப்பறையும் கழுவப் போகும் பெண்கள் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறார்கள் என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை அது பெண்ணுக்குக் கொடுக்கிறது. தேவைப்பட்டால் மாற்று இடத்துக்கு வாடகை கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். அத்தையின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டு எத்தனை வாய்தாவுக்கு ஒரு சுனிதா நீதிமன்றம் போவாள்? சேரியிலிருந்து வரும் பெண்ணின் புகாரைக் காவல் நிலையத்தில் எத்தனை பேர் எழுந்து நின்று வாங்குகிறார்கள்?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), திருமணமான பெண்களில் 29 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகச் சொல்கிறது. ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று ஒத்துக்கொண்ட பெண்கள் 45 விழுக்காடு, ஆண்கள் 44 விழுக்காடு. இந்த 45ஐக் காட்டிப் ‘பெண்களே ஒத்துக்கொள்கிறார்கள் பாருங்கள்’ என்று சிலர் கேலி பேசுவார்கள். திரும்பிப் போக வீடில்லாதவள் வேறென்ன சொல்வாள்? அடி சரி என்று நம்பினால்தான் அந்த வீட்டில் இரவு தூங்க முடியும்.

‘தப்பட்’ பார்க்க வேண்டிய படம்தான். ஓர் அறையும் அதிகம் என்று அது சொல்லியிருக்கிறது, அதைச் சொல்ல இந்தி சினிமாவில் ஆள் வேண்டியிருந்தது. நம் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாலி இல்லாமல் திருமணம் செய்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். பெருமைதான். ஆனால் நம் வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அக்கா, தங்கை, அத்தை பெயர் அதில் இருக்கிறதா? அடி வாங்கிக்கொண்டு ஒருத்தி விடிகாலையில் நம் வாசலில் வந்து நின்றால், அது அவளுக்கும் சொந்தமான வாசலா, அல்லது நாம் போடும் பிச்சையா? பெண்ணின் பெயரில் ஓர் அறையாவது எழுதி வைக்காத வீட்டில் சாதி ஒழிப்புப் பேசுவது எனக்கு இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. நான் என் வீட்டைத்தான் முதலில் சொல்கிறேன்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். ‘இத்தனை வருசம் கழிச்சு இது என்ன புது வழக்கம்?’ என்றார். புதிது இல்லை அப்பா, உங்கள் ஆத்தாளைப் பெற்றவள் அறுத்துக் கட்டியவள், பழைய வழக்கத்தைத்தான் கேட்கிறேன் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரட்டும். மறுபடியும் கேட்பேன்.